கடைசியாக ஏறுகிறவன்

கயிறு அவிழ்க்கிறவன்தான் கடைசியாக ஏற வேண்டும். இறங்குதுறையில் வேலை செய்த எவனுக்கும் இது தெரியும். நீங்கள் மேசையில் வேலை செய்கிற ஆள், இராகுலன் ஐயா. அதனால் முதலில் இதை விளங்கப்படுத்திவிட்டு மற்றதுக்கு வருகிறேன். பிள்ளையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். வராமல் விடமாட்டேன்.

இன்னொன்று. நீங்கள் கம்பியூட்டரில் தட்டுவதை எல்லாம் கடைசியில் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சொல்லாததைச் சேர்த்து வாசித்தால் கண்டுபிடிப்பேன்.

சனம் ஏற்றுகிற எஞ்சின் படகு, லோஞ்ச் என்போம், அதில் இரண்டு பேருக்கு வேலை. ஒருவன் எஞ்சினில் நிற்பான், மற்றவன் கயிற்றில் நிற்பான். எல்லோரும் ஏறி முடிந்ததும் கயிற்றுக்காரன் கரையில் நின்று, துறைக் கட்டையில் கிடக்கிற முடிச்சை அவிழ்ப்பான். லோஞ்ச் ஒரு முழம் விலகும், இரண்டு முழம் விலகும். அவன் பாய்ந்து ஏறுவான். எஞ்சின்காரன் அதுவரை காத்திருப்பான். காத்திருக்காவிட்டால் கயிற்றுக்காரன் கரையில். நான் பதினாறு வருசம் கயிற்றுக்காரன். நாளுக்கு நாலு தரம், இன்னொருவன் என்னை விட்டுவிட்டுப் போகமாட்டான் என்று நம்பிப் பாய்ந்தவன். நீங்கள் ஒரே ஒரு நாள் பாய்ந்து பாருங்கள், அப்போது என்னை விளங்கும்.

இன்னொரு கட்டும் இருக்கிறது. கயிற்றைக் கட்டையைச் சுற்றி எடுத்து இரண்டு நுனியையும் படகுக்குள்ளேயே வைத்திருப்பது. புறப்படுகிற நேரம் ஒரு நுனியை விட்டால் போதும், கயிறு தானாக உருவிக்கொண்டு வந்துவிடும். கரையில் ஒருவரும் நிற்கத் தேவையில்லை. இரட்டைக் கயிறு என்போம். எங்கள் காலத்தில் சனம் ஏற்றுகிற லோஞ்சில் அப்படிக் கட்டினால் முதலாளி கன்னத்தில் அறைவார். கரையில் யாரையோ விட்டுவிட்டு ஓட நினைக்கிறவன்தான் அப்படிக் கட்டுவான் என்பார்.

இனி என்னைப் பற்றி. கோயில் பெருநாளுக்கு முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை போடுவார்கள். முப்பத்து நாலு வருசமாகப் போடுகிறார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருந்த எங்கள் சின்ன இறங்குதுறையில் இருந்து முப்பத்தொரு சனத்தை இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். எந்தப் பக்கத்து வெடி என்று கேட்காதீர்கள். வெடிக்குப் பக்கம் இல்லை. அன்று கடைசியாக ஏறினவன் நிக்கலஸ் என்று சொல்லித்தான் என்னை எல்லோரும் அறிமுகப்படுத்துவார்கள். இந்த அரை விரலைக் காட்டச் சொல்லுவார்கள். இடது கைச் சின்ன விரல். கயிறு கொண்டுபோனது.

அன்று வராமல் போனவன் எஞ்சின்காரன் வஸ்தியாம்பிள்ளை. அவனுடைய பெண்சாதி ஞானமலர் லோஞ்சுக்குள் இருந்தாள். மடியில் மகன் றிக்சன், ஐந்து வயசு. இக்கரைக்கு வந்த பிறகு அவர்களை நான்தான் பார்த்தேன். பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டுக் கொடுத்தேன், பிறகு கல்வீடு கட்டும்போது மண் சுமந்தேன். நான் கல்யாணம் கட்டவில்லை. ஞானமலர் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய குசினியில் எனக்கென்று ஒரு கோப்பை இருந்தது, நீலக் கரை போட்டது. மீன் ஆக்கினால் தலை எனக்கு. எனக்கிருந்ததெல்லாம் அவ்வளவுதான், ஐயா. முன்வரிசைக் கதிரையும் நீலக் கரைக் கோப்பையும். இரண்டையும் இழந்தால் நான் யார்? இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

றிக்சனுடைய மகள்தான் நிலுஷா. பத்தொன்பது வயசு. சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். பலகை மாதிரி ஒரு சாமானில் பேனையால் படம் கீறுவாள். கீறினதைப் போனில் போடுவாள். எழுத்து வேலை அவளுடைய சினேகிதி நிப்லா செய்வாள், கிண்ணியா ஊர்ப் பிள்ளை. ஒருநாள் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது ஆர் சொல்லுங்கோ, அப்பு."

ஒரு பொடியன். கண் இரண்டும் தேங்காய்ச் சிரட்டை அளவு. தலைமயிர் வாடைக்காற்றில் பிடித்த தீ மாதிரி நிமிர்ந்து நின்றது.

"ஆரோ சாப்பாடில்லாத பொடியன். கார்ட்டூனோ?"

"அனிமே, அப்பு. கார்ட்டூன் எண்டால் நிப்லா கொன்றேபோடுவாள். இவர் பேர் இலங்கை."

"இலங்கை நாடெல்லோ?"

"ஓம், நாடுதான். நாட்டை ஒரு ஆளாக் கீறுறது. யப்பான்காரர் அப்பிடிக் கீறுறவை. நான் எங்கட நாட்டைக் கீறுறன்."

"வயசென்ன ஆளுக்கு?"

"அது ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொல்லுவார்."

சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. மற்ற நாடுகளும் இருந்தன. இந்தியா, கேட்காமலே வேலிக்கு மேலால் சாப்பாடு தந்துவிட்டு அப்படியே கிணற்றையும் எட்டிப் பார்க்கிற அடுத்த வீட்டு அக்கா. சீனா, அளவு நாடாவோடு வளவுக்குள் திரிகிற மேசன். மாலைதீவு, முழங்காலுக்குத் தண்ணீர் வந்தால் அழுகிற சின்னப் பிள்ளை. கெட்டிக்காரிதான். கெட்டிக்காரர்களை நான் ஒருநாளும் நம்பினதில்லை. ஆனால் இவளை நம்பினேன். இவளுடைய தொட்டிலுக்குக் கயிறு கட்டினவன் நான்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தபோது விளங்கியது. முகம்தான் யப்பான். கழுத்துக்குக் கீழே எங்கள் ஆள். சாரத்தை மடித்துக் கட்டி, தண்ணீரில் இறங்கும்போது செருப்பைக் கக்கத்தில் செருகி, கயிற்று நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

"உங்கட விரலையும் இவருக்குக் குடுக்கட்டே, அப்பு? நாட்டுக்கும் ஒரு துண்டு போனதுதானே."

"எடு. எனக்கு இனி என்னத்துக்கு?" என்றேன்.

கேட்டுத்தான் எடுத்தாள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விரலைத்தான் கேட்டாள். கயிற்றைக் கேட்கவில்லை.

பிறகு ஊரெல்லாம் எனக்கு இலங்கை என்று பெயர். துறையடியில் தாஹிரின் தேத்தண்ணிக் கடைக்குள் கால் வைத்தால் போதும்.

"நாடு வந்திட்டுது, எல்லாரும் எழும்பி நில்லுங்க!" என்பான் தாஹிர். "நாட்டுக்கு ஒரு பிளேன்டீ போடு. சீனி வேணாம், நாட்டுக்குச் சீனி வருத்தம்."

"காஸ் சிலிண்டர் எங்க, நாடே?" என்று மூலையில் இருந்து ஒருவன் கேட்பான்.

எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்லத்தான் இங்கே இருக்கிறேன். எழுபத்து நாலு வயசில் ஒருவன் நாடாவது சின்ன விசயமா?

போன கார்த்திகையில்தான் அந்தப் படம் வந்தது. வரிசை வருசத்தைப் பற்றியது. ஞாபகம் இருக்கும், பெற்றோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் நாங்கள் நின்ற வருசம். படத்தில் ஒரு இறங்குதுறை. சனம் வெறும் காஸ் சிலிண்டரையும் பெற்றோல் கானையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இலங்கை நெஞ்சில் கை வைத்துச் சொல்லுகிறான், "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. நான்தான் கடைசியா ஏறுவன்." அடுத்த கட்டத்தில் சனம் திரும்பிப் பார்க்கிறது. அவன் ஏற்கெனவே படகுக்குள் இருக்கிறான். கயிறு கட்டையைச் சுற்றி வருகிறது. இரண்டு நுனியும் அவன் கையில். சின்ன விரல் அரைவாசி. கடைசிக் கட்டத்தில் படகு போகிறது. கரையில் ஒருவன், முதுகு மட்டும் தெரிகிறது, கையை வாயில் குவித்துக் கூப்பிடுகிறான்.

தாஹிர் அதைத் தன் போனில் எல்லோருக்கும் காட்டினான். "என்ன நிக்கலஸ் அண்ணன், எங்கள ஏத்தாமலே போயிட்டீங்களே!" கடை முழுக்கச் சிரித்தது. நான் பிளேன்டீயைக் குடித்து முடிக்காமல் வைத்துவிட்டு எழும்பி வந்தேன். யாரும் கவனிக்கவில்லை. சிரிப்பு என்னைத் துறைவாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

அது அரசாங்கத்தைப் பற்றிய பகிடி என்கிறீர்கள். பெரிய ஆட்கள் சனத்தை விட்டுவிட்டுப் பறந்ததைப் பற்றியது, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்கிறீர்கள். இருக்கட்டும். பெரிய ஆட்கள் விமானத்தில் போகிறவர்கள், ஐயா. இரட்டைக் கயிறு கட்டிக்கொண்டு போகிறவர்கள் இல்லை.

அன்று மத்தியானமே கேட்டேன். ஞானமலர் குசினி வாசலில் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிலுஷா நிலத்தில் குந்தியிருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கயிற்றுக் கட்டு உனக்கு ஆர் சொன்னது?"

"எந்தக் கட்டு, அப்பு?"

"ரெண்டு நுனியும் உள்ளுக்குள்ள."

"அதோ? திமிங்கிலம் பாக்கக் கூட்டிக்கொண்டு போற படகுக்காரர் அப்பிடித்தானே கட்டுறவை. துறையடியில நிண்டு பாத்துக் கீறினனான். ஏன், பிழையே?"

"பிழையில்லை" என்றேன்.

ஞானமலர் தலையை நிமிர்த்தவில்லை. மீன் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் துறையடிக்குப் போய்ப் பார்த்தேன். ஓம், அவர்கள் அப்படித்தான் கட்டுகிறார்கள். வெளிநாட்டுக்காரரை ஏற்றுகிற படகு, கட்டுவதும் அவிழ்ப்பதும் சுறுக்காக நடக்க வேண்டும். ஆனால் அவள் பதில் சொன்ன வேகத்தைக் கவனியுங்கள். கேட்டு வாய் மூடவில்லை, பதில் வந்துவிட்டது. மனதில் ஒன்றும் இல்லாத பிள்ளை கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லும். ஆயத்தமாக வைத்திருந்த பதில் அது.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை குறைந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஞானமலர். அவளுக்கு எப்படித் தெரியும்? லோஞ்சுக்குள் இருந்து பார்த்திருக்க வேண்டும். அப்படியென்றால் முப்பத்து நாலு வருசமாக எல்லாம் தெரிந்துகொண்டேதான் எனக்கு மீன் தலை போட்டாளா? நீலக் கரைக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாளா? பெருநாளுக்கு எனக்குப் புதுச் சாரம் வாங்கித் தந்தாளா? ஒரு மனிசனை இப்படி ஏமாற்றலாமா, ஐயா? வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டு, பின்னால் படம் கீறவிடலாமா? அந்த வீட்டுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

சரி. அன்று நடந்ததைச் சொல்லுகிறேன். இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. சுவாமிமாரும் ஊர்ச் சோறு சாப்பிடுகிறவர்கள்தான்.

ஓட வேண்டி வரும் என்று இரண்டு நாளாகக் கதை அடிபட்டது. நான் யோசித்தேன். ஓடுகிற நேரத்தில் வஸ்தியான் எனக்காகக் காத்திருப்பானா? அவனுடைய பெண்சாதி, பிள்ளை எல்லாம் படகுக்குள் இருக்கும். எனக்கு யாரும் இல்லை. நான் அவனுடைய இடத்தில் நின்றால் காத்திருக்கமாட்டேன். ஆனபடியால் அவனும் காத்திருக்கமாட்டான். இது நேரான கணக்கு. காலை எட்டு மணிக்குக் கயிற்றை இரட்டையாகப் போட்டேன். வெடிச் சத்தம் கேட்டது பத்தரை மணிக்கு.

சனம் ஓடி வந்து விழுந்தது. நான் நடுவில் புகுந்து ஏறி, படகின் முன்பக்கம், அணியத்தில், மூட்டைகளுக்குப் பின்னால் குந்தினேன். நுனி இரண்டும் கையில். வஸ்தியான் எஞ்சினை ஓட்டி வைத்துவிட்டுக் கரையைப் பார்த்தான். கட்டையடியில் நான் நிற்க வேண்டும். முறை அதுதானே. நான் அங்கே இல்லை. "நிக்கிலா!" என்று கூப்பிட்டான். இரண்டு மூன்று தரம் கூப்பிட்டான். பிறகு எஞ்சினை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்குப் பாய்ந்து, சனத்துக்குள்ளே என்னைத் தேடிக்கொண்டு ஓடினான்.

நான் கையை உயர்த்தியிருக்கலாம். கையில் கயிறு இருந்தது.

ஒரு நுனியை விட்டேன். எஞ்சின் இழுத்த வேகத்தில் மற்ற நுனி விரலில் சுற்றிக்கொண்டது. விரல் போனது அப்போதுதான். எழும்பிப் போய் எஞ்சினைப் பிடித்தேன். சனம் எல்லாம் குனிந்து கிடந்தது. குனிந்து கிடக்கிறவனுக்கு யார் கடைசியாக ஏறினது என்று தெரியாது. இக்கரைக்கு வந்து சொன்னேன், வஸ்தியானைக் காணவில்லை, தேடி ஓடினேன், கிடைக்கவில்லை, கடைசி நிமிசம் பாய்ந்து ஏறினேன், விரல் போய்விட்டது என்று. கதையில் நான் ஒன்றும் புதிதாகப் போடவில்லை. ஆட்கள் இரண்டு பேரையும் இடம் மாற்றிவிட்டேன், அவ்வளவுதான். வஸ்தியானைப் பிறகு ஒருவரும் காணவில்லை. காணாமல் போனவர்களுடைய பட்டியலில் பெயர் இருக்கிறது. ஞானமலர் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்றாள். வெயிலுக்குக் குடை பிடித்தவன் நான்.

மார்கழி பிறந்தது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கும்போது நிலுஷா என் வீட்டுக்கு வந்தாள்.

"அப்பு, அடுத்த படம் கரையில நிண்டவரைப் பற்றி. எல்லாரும் கேக்கினம், அந்த ஆளுக்கு என்ன நடந்தது எண்டு. எங்கட அப்பப்பா மாதிரிக் கீறப்போறன்."

"ஏன் அவன் மாதிரி?"

"படம் ஒண்டுதான் இருக்கு வீட்டில. அவரை எனக்கு வேற எப்பிடித் தெரியும்? கீறினால் கொஞ்சம் தெரியும் போல கிடக்கு." பிறகு கேட்டாள், "அவர் கடைசியா என்ன சொன்னவர், அப்பு?"

"பிள்ளையைப் பாத்துக்கொள் எண்டவன்" என்றேன். வழக்கமாகச் சொல்லுவது.

"பழைய இறங்குதுறையைப் பாக்க வேணும். தண்ணிக்குள்ள இருந்து பாத்தால் கரையில நிக்கிறவர் எப்பிடித் தெரிவார் எண்டு பாக்க வேணும். கூட்டிக்கொண்டு போறியளே?"

என்னிடமே கேட்டாள். அந்தத் துணிவைப் பாருங்கள்.

அந்த மாதத்தில் குடாவில் படகு குறைவு. மத்தியானம் வரைக்கும் கடல் அடங்கிக் கிடக்கும், பின்னேரம் வாடை எழும்பும். நான் அன்று என் சின்ன எஞ்சின் படகில் பிள்ளையோடு பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டேன். வீட்டில் சொல்ல வேண்டாம், அப்பப்பாவின் படத்தைக் கீறி முடித்துவிட்டு எல்லோருக்கும் ஒன்றாகக் காட்டுவோம் என்றேன். அவளுக்கு அது பிடித்துக்கொண்டது. தாஹிர் கடையில் இரண்டு பணிஸ் வாங்கி வந்திருந்தாள், ஒன்று எனக்கு, ஒன்று தனக்கு. வழியில் தன்னுடையதைச் சாப்பிட்டாள். நீந்தத் தெரியாதபடியால் படகின் குறுக்குப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஆனால் வாய் ஓயவில்லை. இலங்கைக்கு நத்தார் உடுப்பு என்ன நிறம் போடலாம் என்று கேட்டாள். சிவப்பு வேண்டாம் என்றேன்.

பழைய இறங்குதுறையில் இப்போது நாலு தூணும் மேலே ஒரு சீமெந்துத் தட்டும்தான் மிச்சம். கரைப் பக்கம் இடிந்து போய்விட்டது. கரைக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும், கரையில் கண்டல் காடு, ஆளில்லை. துறைக் கட்டை மட்டும் அப்படியே நிற்கிறது. நான் படகை அணைத்துக் கயிற்றைப் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பிள்ளையைக் கைபிடித்து ஏற்றிவிட்டேன். போனை என்னிடம் தந்தாள்.

"அப்பப்பா நிண்ட மாதிரி நிக்கிறன். படகில இருந்து எடுங்கோ. அந்தச் சிவப்பு வட்டத்தை அமத்தினால் சரி."

அமத்தினேன். அவள் முதலில் முதுகைக் காட்டி நின்றாள். பிறகு திரும்பிக் கையை வாயில் குவித்தாள். நான் ஒரு நுனியை விட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஐயா. நான் அவளுக்காக நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

"அப்பிடியே நில்லுங்கோ, அப்பு! நல்லா இருக்கு!"

படகு விலகியது. அப்போதுதான் கயிற்றைப் பார்த்தாள்.

"அப்பு, கயிறு கழண்டிட்டுது! பாத்து, விழுந்திடாதேங்கோ!"

நான் விழுந்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். பிறகு சொன்னது கேட்கவில்லை. எஞ்சின் சத்தம்.

வழியில் மற்றப் பணிசைச் சாப்பிட்டேன். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சீனி வருத்தக்காரன், தலை சுற்றும்.

பின்னேரம் நிலுஷாவைக் காணவில்லை என்று தேடத் தொடங்கினார்கள். கிண்ணியாவுக்கு நிப்லா வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்ன மாதிரிக் கிடக்கிறது என்றேன். அதனால் துறையடியில் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. றிக்சன் கிண்ணியாவுக்கு ஓடினான். தான் அவளைக் காணவே இல்லை என்று நிப்லா அழுதாளாம். பிறகு கப்பல்துறைப் பக்கம் ஒரு சினேகிதி இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள், அங்கேயும் போனான். வாடை நன்றாக எழும்பிவிட்டது. வாடை எழும்பினால் அந்தத் தட்டுக்கு மேலால் அலை ஏறும். அது எனக்குத் தெரியும்.

போனைக் கடலில் போட்டிருக்கலாம் என்றீர்கள். போட்டிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் படங்கள் எல்லாம் இருந்தன. இலங்கையை அழிக்க வேண்டும் என்று நினைத்தேன், ஒவ்வொன்றாக. எப்படி என்று தெரியவில்லை. அலுமாரிக்குள் சாரங்களுக்குக் கீழே வைத்துவிட்டு, விடியும்வரை தேடுகிறவர்களோடு திரிந்தேன். விடிய ஆறு மணிபோல றிக்சன் வந்து என் வாசலில் குந்தினான். கண் வீங்கிப் போயிருந்தது. "மாமா, நீங்களும் நித்திரை கொள்ளேல்லையே?" என்று கேட்டான். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அவன் ஒரு கையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மகளுடைய நம்பரை அடித்தான். எத்தனையாவது தரமோ.

அலுமாரிக்குள் மணி அடித்தது.

அவன் உடனே எழும்பவில்லை. அலுமாரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாமா" என்றான். எங்கே விட்டேன் என்று பத்து மணிக்குச் சொன்னேன், உங்கள் ஆட்கள் வந்த பிறகு. சொன்னேனா இல்லையா? சொன்னேன். உடனே சொல்லவில்லை, அவ்வளவுதான். படகு போய்ப் பார்த்தபோது தட்டில் ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் ஈச்சிலம்பற்றுப் பக்கம் வலைக்காரர் பிள்ளையைக் கண்டெடுத்தார்கள்.

நான் அமத்தின வட்டம் படம் எடுக்கிறது இல்லையாம், அசைகிற படம் எடுக்கிறதாம். எல்லாம் அதில் இருக்கிறது என்று காட்டினீர்கள். சரி. ஆனால் அதை ஏன் ஞானமலருக்குக் காட்டினீர்கள்? குரலை அடையாளம் பிடிக்க றிக்சன் போதாதா?

நேற்று அவள் இந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். சாப்பாடு கொண்டுவரவில்லை. அழவும் இல்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணை, அண்டைக்கும் ரெட்டைக் கயிறோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவளுக்கு அதுவரைக்கும் ஒன்றும் தெரியாது என்று. முப்பத்து நாலு வருசமும் தெரியாது. அந்தக் கயிற்றைப் போனில் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். பிறகு கொண்டுவந்த பையைப் பொலிஸ்காரியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பைக்குள் நீலக் கரைக் கோப்பை இருந்தது. கழுவி, கடதாசியில் சுற்றி.

இத்தனை வருசத்துக்குப் பிறகு கோப்பையைத் திருப்பித் தருவதென்றால், ஐயா, அது ஒரு மனிசனுக்குச் செய்கிற காரியமா?

கடைசிப் படம், வீட்டில் கிடந்த பிள்ளையின் படம் கீறுகிற பலகைக்குள் இருக்கிறது என்கிறீர்கள். பாதிதான் கீறியிருக்கிறாளாம். இலங்கை படகைத் திருப்பிக்கொண்டு வருகிறானாம், கரையில் நின்றவனை ஏற்றுவதற்கு. மேலே "எங்கட நிக்கலஸ் அப்புவுக்கு" என்று எழுதியிருக்கிறதாம். நான் பார்க்கமாட்டேன். இந்தக் காலத்தில் எதையும் யாரும் எழுதிச் சேர்க்கலாம். நீங்களே செய்திருக்கலாம்.

எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டீர்களா? வஸ்தியானை விட்டவன் நான். பிள்ளையை விட்டவனும் நான். எட்டு மணிக்குக் கட்டினதையும் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டதையும் போடுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிள்ளையோடு போன அன்று, இக்கரைத் துறையில் இருந்து புறப்படும்போது பிள்ளைதான் முதலில் ஏறியது. நான் கரையில் நின்று முடிச்சை அவிழ்த்து, முறைப்படி, கடைசியாகத்தான் ஏறினேன். பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். அதையும் எழுதுங்கள்.